சாய்ந்த அடுக்கில் நேராக விழுந்த கல்

இன்று காலை மகளுக்குப் புதுப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்தோம். வீட்டில் அட்டைப் பெட்டியைத் திறந்து, உள்ளே சுற்றியிருந்த மெல்லிய தாளை விலக்கினேன். தோலும் பசையும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்ததும் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "சைஸ் சரியில்லையாம்மா?" என்று அவள் கேட்டாள். சைஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அந்த நேரத்தில் ஆம்பூரில், தோழி, உன் அப்பாவின் ஷூ கம்பெனி மாடியில், டிசைன் அறையில் இருந்தேன்.

உனக்கு ஒரு சேதி இருக்கிறது. நம் பள்ளத்தின் கணக்கு முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நீ ஒரு வரியை ஒப்புக்கொள்கிற ஆளா? "இன்னா போட்ட, எத்தனை கட்டம் வச்ச, களிப்பாறைக்கு இன்னா நம்பர்" என்று குடைந்து எடுப்பாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். நீ போன பிறகு உன்னோடு இவ்வளவு நேரம் பேச எனக்கு இன்றைக்குத்தான் தைரியம் வந்திருக்கிறது.

வாணியம்பாடியில் ஒரே கல்லூரியில் இருவரும் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். சென்னையில் ஒரே கைடிடம் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிந்தோம். விண்கல் வந்து மோதினால் பாறையில் பள்ளம் எப்படி உருவாகிறது என்று கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதுதான் தலைப்பு. இதை என் மாமியாரிடம் விளக்கியபோது, "வானத்துலருந்து கல்லு வுழுந்தா குழி வுழும். இதுக்கு இன்னா படிப்பு?" என்று கேட்டார். நீ அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நம் ஆராய்ச்சியின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியைப் போடலாம் என்றாய்.

கெட்டியான ஒரே பாறையில் விழும் பள்ளத்தைப் பலர் செய்து முடித்திருந்தார்கள். நமக்கு வாய்த்தது படிவுப் பாறை. மணற்பாறை ஓர் அடுக்கு, அதன்மேல் மெல்லிய களிப்பாறை, அதன்மேல் மறுபடி மணற்பாறை என்று பழைய கடலும் ஆறும் படிய வைத்துவிட்டுப் போனது. அதில் ஒரு பள்ளம். எங்கோ வறண்ட நிலத்தில் இருக்கிறது. நாம் இருவரும் நேரில் பார்த்ததில்லை. மேலிருந்து எடுத்த படங்களும், அங்கே போய் அளந்தவர்கள் வரைந்த வரைபடங்களும்தான் நம்மிடம் இருந்தன. அந்தப் பள்ளம் கோணலாக இருந்தது. ஒரு பக்கத்து விளிம்பு சுவர்போல நிமிர்ந்து நிற்கிறது. எதிர்ப்பக்கம் சரிந்து, படர்ந்து, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கிடக்கிறது.

ஏன் இந்தக் கோணல்? கைடு சொன்ன பதில் சுலபமானது: கல் சாய்வாக வந்து விழுந்திருக்கும். நீ ஒப்புக்கொள்ளவில்லை. கல் நேராகத்தான் விழுந்தது, கீழே இருந்த அடுக்குகள்தாம் சாய்ந்திருந்தன என்றாய். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இது.

சண்டை போட்டால் போதுமா, கணக்குப் போட நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே. கல்லூரி ஆய்வகத்தில் இருந்தவை பரீட்சை மார்க் ஏற்றுவதற்கே மூச்சுவாங்கும். நீதான் உன் அப்பாவிடம் போய் நின்றாய். அவர் கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து அளவெடுப்பதற்கென்று இரண்டு பெரிய மிஷின்கள் வாங்கியிருந்தார். ஆம்பூரில் பல கம்பெனிகளைப்போல அங்கேயும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலையிலிருந்து சனிக்கிழமை காலைவரை அவை சும்மா இருக்கும். நம் கல்லூரிக்கும் வெள்ளிதான் விடுமுறை. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

"மிஷின் சும்மாதான் கெடக்குது, போட்டுக்கோ," என்றார் உன் அப்பா. "ஆனா சனிக்கெழம காத்தால கட்டிங் ஆளுங்க வந்து நிக்கும்போது என் பேட்டர்ன் வரணும். உன் கல்லு இன்னும் வுழுந்துன்னே இருக்குதுன்னு சொல்லக்கூடாது."

"கல்லு வுழறது ஒரு செகண்டுகூட இல்லப்பா. அப்புறம் மண்ணு எழுந்து உக்கார்றதுக்குக் கொஞ்ச நேரம். அவ்ளோதான்."

"அதுக்கா ஒன்றரை நாளு? கவர்மெண்டு ஆபீஸ் மாதிரி இருக்குதே."

அவருக்குப் பதில் சொல்ல நீ ஒரு தாளை எடுத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாய். பாறையை இப்படி ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, நசுங்கியதா, உடைந்ததா என்று கணக்குப் பார்த்துப் பக்கத்துக் கட்டத்துக்குச் சொல்லவேண்டும். அப்புறம் நேரத்தைக் கண்ணிமைப்பதில் ஒரு துளி நகர்த்தி எல்லாவற்றையும் மறுபடி போடவேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஏசிய ஃபுல்லா வைக்காத, கரண்டு பில்லு ஜாஸ்தி வருது," என்றார்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்து விளக்கேற்றவேண்டிய நாள். நான் விளக்கை ஏற்றிய கையோடு வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் பிடிப்பேன். "அவங்க வூட்டு ஞாயித்துக்கிழமைக்கு நீ ஏன் போற?" என்று மாமியார் கேட்பார். ஆம்பூரில் இறங்கும்போது கடைத்தெரு பாதி மூடியிருக்கும். மாடி ஏறினால் அந்த வாசனை. நீ எனக்கு முன்பே வந்து, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, திரைமுன் உட்கார்ந்திருப்பாய். மதியம் தொழுகை முடிந்ததும் உன் அப்பா பிரியாணி டப்பாவோடு மேலே வருவார். திரையில் பச்சையும் சிவப்புமாகக் கொதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நமக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் கீழே போவார். கறி சாப்பிடாத எனக்குத் தனியாக முட்டை வரும். கத்திரிக்காய் தொக்கை மட்டும் இருவரும் அடித்துக்கொண்டு சாப்பிடுவோம்.

அந்தத் தப்பை நாம் செய்த கதையை இப்போது சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஷூ கம்பெனி வீட்டுப் பெண் அல்லாமல் வேறு யாரும் அப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

அடுக்குகள் சமமாகப் படுத்திருந்தால் முழுப் பள்ளத்தையும் கணக்குப் போடத் தேவையில்லை. நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் போட்டால் போதும்; அதையே சுற்றிலும் சுழற்றிவிட்டால் முழுப் பள்ளம் கிடைத்துவிடும். கணக்கும் சீக்கிரம் முடியும். உனக்கு இது முதல் நாளே பிடித்துப்போனது. "எங்க வேலையும் இதேதான்டி. ஒரு காலுக்கு வரைஞ்சா போதும். இன்னொரு கால மிஷின் திருப்பிக் குடுத்துடும்," என்றாய்.

சரி, அடுக்கு சாய்ந்திருந்தால்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அதற்கும் வழி வைத்திருந்தாய். இடப்பக்கத்தில் அடுக்குகள் பள்ளத்தை நோக்கிச் சரிவதாக ஓர் அரைக் கணக்கு. வலப்பக்கத்தில் பள்ளத்தை விட்டு விலகிச் சரிவதாக இன்னோர் அரைக் கணக்கு. இடது கால் தனியாக, வலது கால் தனியாக. பிறகு இரண்டையும் ஒட்டவேண்டியதுதான். நானும் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை இடது, அடுத்த வெள்ளிக்கிழமை வலது என்று ஓட்டி, திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அப்படியே நம் பள்ளம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சரிவு. நீ எழுந்து நின்றுவிட்டாய். நான் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்து, கல்லூரியில், உன் வீட்டில், சென்னைக்குப் போய்க் கைடின் அறையில் என்று எங்கும் கொடுத்தேன். கைடு இரண்டு எடுத்துக்கொண்டு, படத்தைப் பிறகு பார்க்கிறேன் என்றார்.

அவர் பார்ப்பதற்குள் நீ பார்த்துவிட்டாய். சனிக்கிழமை காலை, முதல் வகுப்புக்கு மணி அடிக்கும் நேரம், வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"பள்ளத்தோட அடிய பாத்தியா?"

"இன்னா அடியில?"

"இடது பக்கம் அடி மேடா எழுந்திருக்குது. வலது பக்கம் அடி தொங்கிப் போயிருக்குது. நடுவுல ரெண்டும் சேரவே இல்ல. ஒரே பள்ளத்துக்கு ரெண்டு அடி இருக்குமா?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஓர் அரையைச் சுற்றிலும் சுழற்றினால் சாய்ந்த அடுக்கு சாய்ந்த அடுக்காக இருக்காது. எல்லாப் பக்கமும் நடுவை நோக்கிச் சரியும். அது ஒரு புனல். இன்னோர் அரை எல்லாப் பக்கமும் வெளியே சரியும். அது ஒரு குன்று. நாம் புனலில் விழுந்த கல்லின் பாதியையும் குன்றில் விழுந்த கல்லின் பாதியையும் எடுத்து ஒட்டியிருந்தோம். அப்படி ஒரு நிலம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. படம் சரியாக வந்ததே தவிர, வந்த காரணம் சரியில்லை.

"பேடா எல்லாம் பேஜாரா போச்சே," என்றேன். நீ சிரித்துக்கொண்டே வகுப்புக்குள் போனாய். மறுநாளே நீயாகப் போன் போட்டுக் கைடிடம் எல்லாவற்றையும் சொன்னாய். மறைத்திருந்தால் அவர் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாளாவது ஆகியிருக்கும். அவர் கோபப்படவில்லை. "அதனாலதாம்மா சொல்றேன், கல்லு சாய்வா விழுந்ததுன்னு எடுத்துக்கோங்க. சுலபமா முடிஞ்சிடும்," என்றார்.

நீ முடிப்பதாக இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, கீழே கட்டிங் மேஜையிலிருந்து ஒரு கட்டுத் தோலை மேலே தூக்கிவந்தாய். ஒரு பலகையைச் சாய்த்துவைத்து, அதன்மேல் தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாய். கத்தரியை எடுத்து நடுவில் வட்டமாக, ஒவ்வொரு தோலாக வெட்டிக் குழி பண்ணினாய். பிறகு பலகையை லேசாகத் தட்டினாய். மேட்டுப்பக்கத்துத் தோல்கள் ஒவ்வொன்றாக வழுக்கிக் குழிக்குள் வந்து விழுந்தன. தாழ்ந்த பக்கத்துத் தோல்கள் அசையாமல் வெட்டிய விளிம்போடு நின்றன.

"இதுதான்," என்றாய். "கல்லு நேரா வுழுந்து வட்டமாத்தான் குழி போட்டுது. கோணல் அப்புறம் வந்துது. சரியறப்ப."

"தோலு வழுக்கும். பாறை எங்கடி வழுக்கும்?"

"நடுவுல களிப்பாறை இருக்குதே, அதை மறந்துட்டியா? அது ஈரமா வேற இருந்தா?"

நான் கைடு பக்கமும் சாயவில்லை, உன் பக்கமும் முழுதாக வரவில்லை. நீ சொல்வது அழகாக இருந்தது. அழகாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு தடவை பேடா கொடுத்து ஏமாந்தவள் நான். தோலைப் பாழாக்கியதற்கு உன் அப்பாவிடம் திட்டு வாங்கியதில் மட்டும் உன்னோடு முழுதாகப் பங்கெடுத்துக்கொண்டேன்.

இதை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. பாதியும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. நீளம் அகலம் ஆழம் மூன்றிலும் முழுப் பள்ளத்தையும் கணக்குப் போடவேண்டும். உன் அப்பாவின் மிஷின்களில் முயன்றோம். கட்டங்களைப் பெரிதாக்கினால்தான் ஒரு விடுமுறைக்குள் முடியும். பெரிதாக்கினால் களிப்பாறை அடுக்கு கட்டத்தைவிட மெல்லிசாகி, கணக்கில் இல்லாமலே போய்விடும். எது வழுக்கவேண்டுமோ அதுவே காணோம். பள்ளம் வட்டமாகவும் இல்லாமல் கோணலாகவும் இல்லாமல் ஏதோ ஒன்றாக வந்தது. கடைசியில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய கம்ப்யூட்டரில் நேரம் கேட்டு இருவரும் சேர்ந்து எழுதிப்போட்டோம். அனுமதி வந்தபோது நீ வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. பிறகு ரத்தத்தில் புற்று என்றார்கள். நான் வகுப்பு முடித்து மதியங்களில் வருவேன். உன் அப்பா மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மதியம், அனுமதி வந்த சேதியைச் சொன்னேன். உன் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் கேட்டாய். குடித்துவிட்டு, என்னை நேராகப் பார்த்தாய்.

"நான் சொல்றத கேளு. அத ஓட்டு. நான் சொன்னது தப்புன்னு வந்தா என் பகுதிய எடுத்துடு. என் பேரையும் எடுத்துடு."

"வாய மூடு. நீயே வந்து ஓட்டு."

"வந்தா நான் ஓட்டறேன். வரலன்னா சொல்றேன். செத்துட்டா, பாவம்னு வச்சிடாத. பாவம் பாத்துப் போட்ட பேரு எனக்கு வேணாம். சரின்னு சொல்லு."

சொல்லும்வரை நீ விடவில்லை. சரி என்றேன்.

நீ போன பிறகு எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உனக்குக் கோபமே வராது என்று ஒருவர் பேசினார். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. கைடு கொஞ்ச நாள் விட்டுப் போன் செய்தார். கனிவாகத்தான் பேசினார். "உன் பகுதி முழுசா இருக்கும்மா. அதை மட்டும் கட்டுரையா அனுப்பிடலாம். அவ பகுதிக்கு ஆதாரம் போதலை. கடைசியில நன்றின்னு சொல்ற இடத்துல அவ பேரைப் போட்டுடலாம்," என்றார்.

அந்த இடத்தில் யார் யார் பேர் இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஏசி ரிப்பேர் பண்ணியவருக்குக்கூட நாம் நன்றி சொல்வதாக இருந்தோம். நான் கைடிடம் அவகாசம் கேட்டேன்.

கேட்டேனே தவிர, கணக்கை ஓட்டக் கை வரவில்லை. ஓட்டாதவரைக்கும் நீ சொன்னது சரியாக இருக்க வழி இருந்தது. ஓட்டித் தப்பென்று வந்துவிட்டால்? நீ இருந்திருந்தால் இன்னொரு காரணம் கண்டுபிடித்து, இன்னொரு கட்டுத் தோலைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய். நீ இல்லாதபோது தப்பென்று வந்தால் அதோடு முடிந்தது. உன் பேரை நானே என் கையால் அழிக்கவேண்டும். அழிக்காமல் விட்டால் உனக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. கல்லூரிக்குப் போய்வந்தேன், வகுப்பு எடுத்தேன், வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்து விளக்கேற்றினேன். மாமியார்கூட, "ஆம்பூருக்குத்தான் ஒரு நடை போய்ட்டு வாயேன்," என்றார்.

போன மாதம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒதுக்கிய நேரத்தைப் பயன்படுத்தவில்லை, இந்த மாதத்தோடு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் தயார் செய்தேன். களிப்பாறை அடுக்கு தொலைந்துபோகாத அளவுக்குக் கட்டங்களைச் சிறிதாக்கினேன். மணற்பாறையின் நுண்துளைகள் அதிர்ச்சியை எவ்வளவு விழுங்கும் என்பதை நீ எழுதியபடியே வைத்தேன். இரண்டு விதமாக ஓட்டினேன். ஒன்று கைடு சொன்னது: அடுக்கு சமம், கல் சாய்வாக வருகிறது. இன்னொன்று நீ சொன்னது: அடுக்கு சாய்வு, கல் நேராக வருகிறது.

அது ஓடிக்கொண்டிருந்த நாட்களில் நான் மனுஷியாகவே இல்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேம், இந்தக் கணக்க நேத்தே போட்டுட்டோம்," என்றாள்.

முதலில் கைடின் கணக்கு முடிந்தது. கல்லைக் கொஞ்சம் சாய்த்தாலும் வட்டம், நன்றாகச் சாய்த்தாலும் வட்டம். விளிம்பின் உயரம் மாறியது. வாரி இறைத்த மண் ஒரு பக்கம் அதிகமாகப் போனது. பள்ளம் மட்டும் வட்டமாகவே இருந்தது. தரையோடு உரசுகிறமாதிரி விட்டால்தான் நீண்டது. அப்படி நீண்டதும் நம் பள்ளத்தின் கோணலைப்போல இல்லை. இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் கூடியது. அவர் சொன்னது இல்லை என்பதாலேயே நீ சொன்னது ஆகிவிடாதே.

அடுத்து உன் கணக்கின் முதல் முயற்சி முடிந்தது. மேட்டுப்பக்கத்துச் சுவர் முழுவதும் ஒரேயடியாக வழிந்து வந்து பள்ளத்தையே பாதி மூடிவிட்டது. நம் பள்ளம் அப்படி இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினேன். உன் பேரை அழிப்பதைப்பற்றித்தான் நினைத்தேன். பிறகு, நீயாக இருந்தால் இப்போது எதைப் பார்ப்பாய் என்று யோசித்தேன். களிப்பாறை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு நீ கொடுத்திருந்த எண்ணைப் போய்ப் பார்த்தேன். அம்மா தாயே, சோப்புக்கட்டிகூட அவ்வளவு வழுக்காது. நீ அடுக்கிய தோலையே நினைத்துக்கொண்டு போட்டிருக்கிறாய். அந்த வகைக் களிப்பாறையை ஆய்வகத்தில் சோதித்து மற்றவர்கள் அளந்துவைத்த எண் இருக்கிறது. பள்ளத்துக்குத் தோதாக நானாக ஓர் எண்ணைத் தேடிப் பிடிக்கவில்லை. அளந்ததை அப்படியே எடுத்துப் போட்டு மறுபடி ஓட்டினேன்.

இந்தத் தடவை பார்த்தேன். கல் நேராக விழுந்தது. அதிர்வலை கீழே போனது. நுண்துளைகள் நசுங்கின. குழி கிண்ணம்போல வட்டமாகத்தான் திறந்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மேட்டுப்பக்கத்தில் மணற்பாறைப் பலகைகள் களிப்பாறைமேல் ஒவ்வொன்றாகச் சறுக்கி உள்ளே இறங்கின. விளிம்பு தாழ்ந்து படர்ந்தது. எதிர்ப்பக்கம் அசையவில்லை. நம் வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. பள்ளத்தின் அடியும் ஒரே அடியாக இருந்தது; அதைத்தான் முதலில் பார்த்தேன்.

கோணல் அப்புறம்தான் வந்தது. சரிகிறபோது. நீ சொன்னபடியே.

எவ்வளவு நிம்மதி என்று எப்படிச் சொல்வேன்? தலையிலிருந்து பெரிய மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அதைவிட ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: உன் எண் ஒன்று தப்பாக இருந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். இரங்கல் கூட்டத்தில் சொன்ன தப்பே செய்யாத, கோபமே வராத அந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது. தோலையும் பாறையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, அதையும் பிடிவாதமாகச் சொல்கிறவளை எனக்கு நன்றாகத் தெரியும். அவளைத்தான் அந்தக் கணக்குக்குள் பார்த்தேன். எண்ணை மாற்றியதையும் ஏன் மாற்றினேன் என்பதையும் கட்டுரையில் எழுதிவிட்டேன். அதை மறைத்திருந்தால் நீ என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாய்.

கைடு எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தார். "நேராத்தான் விழுந்திருக்கு. ஒத்துக்கறேன்மா," என்றார். பேர்களை எந்த வரிசையில் போடலாம் என்று கேட்டேன். "இதுல கேக்க என்ன இருக்கு? அவ பேர்தான் முதல்ல," என்றார்.

போன வெள்ளிக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். உன் அப்பா கீழே ஆபீஸ் அறையில் தனியாக இருந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். விஷயத்தைச் சொன்னேன். மேஜைமேல் இருந்த தோல் மாதிரிகளை எடுத்துச் சாய்த்துவைத்து, எப்படிச் சரிந்தது என்று காட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"அவ சொன்னது கரெக்டா?"

"கரெக்டுதான்பா."

"நல்லது. அல்ஹம்துலில்லாஹ்," என்றார். தோல் துண்டுகளை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, மகளிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார். "பேட்டா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது. ஊர்ல எல்லாரும் வாரத்துல ஒரு நாளு படுத்து எழுந்திருக்கறாங்க. அவளுக்கு அந்த ஒரு நாளும் இல்லாம பண்ணது நான்தானே? சாவிய நான்தான் குடுத்தேன். ஏசிக்குள்ள, மிஷினுக்கு முன்னாடி, ஒக்காந்து ஒக்காந்து… அதனாலதான் அப்படி ஆச்சா?"

நான் ஒரு கணக்குக்குப் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம், இந்த மனிதர் இதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இல்லப்பா," என்றேன். "அது ரத்தத்துல வர்ற வியாதி. எங்க இருந்திருந்தாலும் வந்திருக்கும். டாக்டர் அன்னிக்கே சொன்னாரு, நான் பக்கத்துல நின்னு கேட்டேன். வேலையால வர்றது இல்லன்னு தெளிவா சொன்னாரு."

"நெஜமாவா?"

"நெஜமா. பாவம் பாத்து நான் எதையும் சொல்லமாட்டேன்பா. அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ அந்த வெள்ளிக்கெழமைங்க?" என்றார்.

"அதுதான்பா அவளுக்கு ரெஸ்ட்டு."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சாப்பிட்டேன். அவரும் என்னோடு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் அழ ஆரம்பித்தேன். எதிரில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நீ போன அன்றுகூட நான் இப்படி அழவில்லை. இத்தனை நாளும் உன்னை நினைத்தபோதெல்லாம் கணக்குத்தான் முன்னால் வந்து நின்றது; சரியா, தப்பா, உன் பேரை வைப்பதா, எடுப்பதா என்று அதிலேயே நின்றுவிடுவேன், அதைத் தாண்டி உன்னிடம் வரமாட்டேன். கணக்கு முடிந்துவிட்டது. உன் பேர் முதலில் இருக்கிறது, யாரும் பாவம் பார்த்து வைத்ததல்ல. இனிமேல் நீ இல்லையே என்று மட்டும் நான் அழலாம்.